கால்பந்து கிளப் யாருக்குச் சொந்தம்?

ஒரு கால்பந்து கிளப் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், பங்குகளை வைத்திருப்பவருக்கு என்று சட்டம் ஒரே வரியில் சொல்லிவிடும். இங்கிலாந்தின் எந்தக் கால்பந்து ஊரிலும் அந்தப் பதிலோடு பேச்சு முடிவதில்லை. 'எங்கள் கிளப்' என்கிறார் ரசிகர். 'என் கிளப்' என்கிறார் உரிமையாளர். இருவர் சொல்வதும் பொய்யில்லை. ஒரே பொருளின் மேல் இருவகை உரிமைகள் நிற்கின்றன. ஒன்று பணம் கொடுத்து வாங்கியது, விரும்பியபோது விற்றுவிடலாம். மற்றொன்று பிறந்த ஊராலும் குடும்பப் பழக்கத்தாலும் வந்தது. அதை விற்கவும் முடியாது, எளிதில் விட்டு விலகவும் முடியாது. இவ்விரண்டும் மோதும்போது எதற்கு முதலிடம்? ரசிகர் உரிமையாளருக்கு எந்த அளவு கடமைப்பட்டவர்? இருவருக்கும் நடுவே நிற்கும் உள்ளூர்ப் பத்திரிகை யாருக்கு உண்மையாக இருக்க வேண்டும்? சொத்து, விசுவாசம், உண்மை ஆகிய மூன்றையும் பற்றித் தத்துவம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்விகளே இங்கே மைதானத்தின் வாசலில் வந்து நிற்கின்றன.

இவை மூன்றும் ஒருசேர எழுந்த ஊர் வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாசில். நகரத்தின் ஒரே பெரிய கிளப்பான நியூகாசில் யுனைடெட் 1892 முதல் அப்பெயரில் ஆடிவருகிறது. 52,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அதன் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானம் ஊருக்கு வெளியே இல்லை. நகரின் நட்ட நடுவில், கடைத்தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உயர்ந்து நிற்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களும் கப்பல் கட்டும் தளங்களும் மூடப்பட்ட பிறகு, அந்த ஊர் மக்கள் தங்களை ஓர் ஊராக உணரும் இடங்களில் முதன்மையானது அதுவே.

உடைமை வந்த வழி

இங்கிலாந்தின் பழைய கிளப்புகளில் பல, முதல் போட்டவர் தொடங்கியவை அல்ல. எவர்டன் 1878இல் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தைச் சேர்ந்தவர்களால் தொடங்கப்பட்டது. மான்செஸ்டர் சிட்டியின் வேர் 1880இல் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. மான்செஸ்டர் யுனைடெட்டை ரயில்வே தொழிலாளர்களும், ஆர்சனலை உல்லிச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் தொடங்கினார்கள். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் மைதானம் கட்டவும் கடன் வாங்க வேண்டி வந்தபோது, அக்கடனுக்குத் தனிமனிதர்கள் பொறுப்பாகிவிடக் கூடாது என்பதற்காக 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் அவை வரையறுக்கப்பட்ட கம்பெனிகளாயின.

கம்பெனியான பிறகும் அவற்றைச் சாதாரண வியாபாரமாக நடத்த இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் இடம் கொடுக்கவில்லை. பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகைக்கு அது உச்சவரம்பு விதித்தது. இயக்குநர்கள் சம்பளம் பெறுவதையும் நெடுங்காலம் தடுத்தது. கிளப்பைக் கலைத்து மைதானத்தை விற்று லாபம் பார்க்கவும் வழியில்லை. அந்த விதிகளுக்குப் பின்னால் தெளிவான ஓர் எண்ணம் இருந்தது: கிளப்பை நடத்துபவர் காவலர், அதிலிருந்து வருமானம் ஈட்ட வந்தவர் அல்லர். 1983இல் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கிளப்புக்கு மேலே ஒரு தாய் நிறுவனம் அமைக்கப்பட்டு, அதன் பங்குகள் லண்டன் பங்குச் சந்தையில் விற்கப்பட்டன. கட்டுப்பாடு கிளப்புக்குத்தான், தாய் நிறுவனத்துக்கு இல்லை என்ற வாதத்தில் அந்தப் பழைய வேலி சரிந்தது. நியூகாசில் யுனைடெட்டும் 1997இல் பங்குச் சந்தைக்குப் போனது. பத்தாண்டுகள் கழித்து, விளையாட்டுப் பொருள் கடைகளின் அதிபர் மைக் ஆஷ்லி சுமார் 13 கோடி பவுண்டுக்கு அதை முழுதாக வாங்கினார்.

உழைப்பும் வேரும்

வாங்கியவருக்கே எல்லாம் என்ற வாதத்துக்கு ரசிகர் தரும் முதல் பதில், தெரிந்தோ தெரியாமலோ, ஜான் லாக்கின் பதில். ஒரு பொருளில் தன் உழைப்பைக் கலப்பவருக்கு அதில் உரிமை பிறக்கிறது என்று 17ஆம் நூற்றாண்டில் அவர் வாதிட்டார். நான்கைந்து தலைமுறைகள் மழையிலும் பனியிலும் நின்று குரல் கொடுத்து, கூலியில் ஒரு பங்கைச் சீட்டுக்குச் செலவிட்டு வளர்த்தது இந்தக் கிளப். ஆகவே அது எங்களுடையது என்பது அவர்களின் வழக்கு. 2020இல் பெருந்தொற்றின்போது காலியான அரங்குகளில் ஆட்டம் நடந்ததைக் கண்டவர்கள், ரசிகரின் குரல் ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒன்றல்ல, அதன் ஒரு பாகமே என்பதை ஒத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் இந்த வாதம் முழுமையாக நிற்காது. காசு கொடுத்துப் பார்ப்பவர் எவரும் பார்த்த பொருளுக்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. மேலும், லாக்கின் வழியில் கிடைப்பது பங்கு கேட்கும் உரிமை. பெரும்பாலான ரசிகர்கள் கேட்பது பங்கு அல்ல. நாளை கிளப்பை நல்ல விலைக்கு விற்று ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தால் அவர்கள் மகிழ மாட்டார்கள். தங்களுடையதைப் பறிகொடுத்ததாகவே அழுவார்கள்.

அவர்களின் நிலையை நன்றாக விளக்குபவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943இல், மனித ஆன்மாவின் தேவைகளைப் பட்டியலிட்டு எழுதிய அவர், தனிச் சொத்தைப் போலவே கூட்டுச் சொத்தில் பங்குகொள்வதும் ஆன்மாவின் தேவை என்றார். அந்தப் பங்கேற்பு சட்ட ஆவணத்தால் வருவது அன்று. இது நம்முடையது என்ற உணர்வால் வருவது. உண்மையான ஊர்வாழ்க்கை உள்ள இடத்தில் பொதுக் கட்டடங்களும் தோட்டங்களும் விழாக்களும் ஒவ்வொருவருக்கும் தம்முடையவையாகத் தோன்றும். வேர் பிடித்தலை ஆன்மாவின் மிக முக்கியமான, ஆனால் மிகக் குறைவாக மதிக்கப்படும் தேவையாக அவர் கருதினார். கிளப்பின் மேல் ரசிகருக்குள்ள உரிமை இந்த வகையைச் சேர்ந்தது. அது ஒரு பண்டத்தின் மேலுள்ள உரிமை அல்ல. பிடுங்கி எறியப்படாதிருக்கும் உரிமை.

இதைச் சோதித்துப் பார்த்த நிகழ்ச்சி 2002இல் நடந்தது. தெற்கு லண்டனின் விம்பிள்டன் கிளப்பைச் சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகரத்துக்கு மாற்ற, கால்பந்துச் சங்கம் நியமித்த குழு அனுமதி அளித்தது. கம்பெனி, ஆட்டக்காரர்கள், லீகில் அதன் இடம் எல்லாம் போயின. ரசிகர்கள் போகவில்லை. அதே ஆண்டில் பொது மைதானத்தில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற கிளப்பைத் தொடங்கி, கீழ்மட்ட லீகிலிருந்து ஏறி 2011இல் தொழில்முறை லீகை அடைந்தார்கள். 2020இல் தங்கள் பழைய பிளவ் லேன் பகுதிக்கே திரும்பினார்கள். 2007இல் மில்டன் கீன்ஸ் கிளப், விம்பிள்டன் வென்ற கோப்பைகளின் மேலிருந்த உரிமையை விட்டுக்கொடுத்து அவற்றை அந்த வட்டாரத்துக்கே அனுப்பியது. சட்டப்படியான தொடர்ச்சி ஓரிடத்திலும், கிளப் என்ற உயிர் வேறிடத்திலும் இருக்க முடியும் என்பதை அந்தக் கோப்பைகள் போன திசை காட்டிற்று.

விசுவாசம் யாரிடம்?

ரசிகரின் உறவைச் சாதாரண வாடிக்கையாளரின் உறவிலிருந்து பிரிப்பது, அவரால் விலக முடியாமையே. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், தரம் குறையும் ஓர் அமைப்புக்கு மக்கள் இருவழிகளில் எதிர்வினை காட்டுகிறார்கள் என்றார்: வெளியேறுதல், குரல் எழுப்புதல். எந்த வழி எவ்வளவு பயன்படும் என்பதைத் தீர்மானிப்பது விசுவாசம். விசுவாசம் மிகுந்தவர் எளிதில் வெளியேறமாட்டார். அதனாலேயே அவரது குரலுக்கு மதிப்பு வேண்டும். ஆனால் வெளியேறவே மாட்டார் என்று உரிமையாளர் உறுதியாக அறிந்துவிட்டால், அந்தக் குரலைக் கேட்க வேண்டிய நிர்ப்பந்தமும் அவருக்கு இல்லாமல் போகிறது. ரசிகரின் நற்பண்பே அவரது பலவீனமாகிறது.

ஆகவே மிகவும் நேசிப்பவர்களே சில வேளைகளில் வெளியே வந்து நிற்க நேர்கிறது. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் கிளப் 77 பவுண்டு விலையில் ஒரு சீட்டை அறிவித்தபோது, ஆயிரக்கணக்கானவர்கள் ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள்; சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். பிளாக்பூல் கிளப்பின் ரசிகர்களில் பெரும் பகுதியினர், உரிமையாளர் குடும்பத்தின் கைக்கு ஒரு காசும் போகக் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் சொந்த மைதானத்துக்குள் காலெடுத்து வைக்காமல் இருந்தார்கள். 2019இல் அந்த நிர்வாகம் அகன்றதும் ஒன்றாகத் திரும்பினார்கள். அவர்கள் விலகி நின்றது கிளப்பிடமிருந்து அல்ல, கிளப்புக்காக.

அமெரிக்கத் தத்துவவாதி ஜோசயா ராய்ஸ் 1908இல் விசுவாசம் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். ஒரு மனிதர் தம் விருப்பத்தால் ஒரு இலட்சியத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுப்பதே விசுவாசம் என்பது அவர் கருத்து. அந்த இலட்சியம் தனிமனிதரைக் கடந்ததாகவும் பலரை ஒன்று சேர்ப்பதாகவும் இருக்க வேண்டும். இந்த வரையறையை வைத்துப் பார்த்தால் ரசிகரின் விசுவாசத்துக்கு உரியது கிளப் மட்டுமே. உரிமையாளர் அந்த இலட்சியத்துக்குப் பணி செய்ய வந்தவர். செய்யும்வரை மரியாதைக்கு உரியவர். அவரை எதிர்ப்பது துரோகம் ஆகாது. கார்டிஃப் சிட்டியின் நீலச் சட்டையை 2012இல் உரிமையாளர் சிவப்பாக்கியபோதும், ஹல் சிட்டியின் பெயரையே மாற்ற அதன் உரிமையாளர் முயன்றபோதும் ரசிகர்கள் எழுந்தது இந்த விசுவாசத்தால்தான். கார்டிஃப் 2015இல் நீலத்துக்குத் திரும்பியது. ஹல் பெயர் மாற்றத்தைக் கால்பந்துச் சங்கம் 2014இல் மறுத்தது.

நிறமும் பெயரும் இவ்வளவு பெரிதா என்ற கேள்விக்குச் சமூகவியலாளர் எமில் துர்கைமின் 1912ஆம் ஆண்டு ஆய்வில் பதில் இருக்கிறது. ஒரு குலம் தன் சின்னத்தைப் புனிதமாக வணங்கும்போது உண்மையில் தன் கூட்டு வாழ்வையே வணங்குகிறது என்று அவர் கண்டார். கூடி நிற்கையில் ஒவ்வொருவரும் தம்மைவிடப் பெரிய ஆற்றலை உணர்கிறார்கள். அந்த உணர்வு வந்து தங்குமிடம் சின்னம். 2011இல் ஆஷ்லியின் நிர்வாகம் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கின் பெயரை அவரது கடைகளின் பெயரால் மாற்றியபோது ஊர் கொதித்ததற்கும் அதுவே காரணம். விற்கப்பட்டது ஒரு பெயர்ப்பலகையின் இடம். மிதிக்கப்பட்டதாக மக்கள் உணர்ந்தது தங்கள் கூட்டு நினைவு. அடுத்த ஆண்டே, புதிய விளம்பரதாரரின் ஒப்பந்தத்தோடு, பழைய பெயர் திரும்ப வந்தது.

உண்மை சொல்பவரின் இடம்

குரல் எழுப்புவதற்கு முதலில் விஷயம் தெரிய வேண்டும். கிளப்பின் உள்ளே நடப்பதை ரசிகர் தாமாக அறிய முடியாது. அதை அவருக்குச் சொல்லும் பொறுப்பு நியூகாசிலில் 'ஈவினிங் குரோனிக்கிள்', 'தி ஜர்னல்' போன்ற பத்திரிகைகளுக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்துவந்தது. ஆனால் உள்ளூர்ப் பத்திரிகைக்குத் தேவையான பேட்டியும் செய்தியாளர் சந்திப்பும் கிளப்பின் கையில் உள்ளன. கிளப் கதவை அடைத்தால் பத்திரிகையின் பிழைப்பே ஆட்டம் காணும்.

2009இல் வெளிவந்த ஒரு தீர்ப்பு இந்தச் சார்பின் ஆழத்தைக் காட்டியது. முந்தைய ஆண்டில் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகிய கெவின் கீகன் தொடுத்த வழக்கில், நடுவர் மன்றம் அவருக்கு 20 லட்சம் பவுண்டு இழப்பீடு வழங்கியது. ஆட்டக்காரர்களை வாங்குவதில் இறுதி முடிவு கீகனுடையது என்று கிளப் வெளியில் சொல்லிவந்தது உண்மையல்ல என்பது அந்த விசாரணையில் வெளிப்பட்டது. அக்கூற்றுகள் மக்கள் தொடர்புக்காகச் சொல்லப்பட்டவை என்பதே கிளப்பின் சமாதானம். அவற்றை நம்பி அச்சிட்டவர்கள் பத்திரிகையாளர்கள். நம்பிப் படித்தவர்கள் ரசிகர்கள். ஒரு கூட்டு வாழ்வின் காவலர் அக்கூட்டத்திடமே பொய் சொல்வது மற்ற தவறுகளைப் போன்றதல்ல. மற்ற தவறுகளைத் திருத்திக்கொள்ளும் வழியையே அது அடைத்துவிடுகிறது.

2013 அக்டோபரில், நிர்வாகத்தை எதிர்த்து ரசிகர்கள் நடத்திய ஊர்வலத்துக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்ததாகச் சொல்லி, 'குரோனிக்கிள்', 'ஜர்னல்', 'சண்டே சன்' ஆகிய மூன்று பத்திரிகைகளின் செய்தியாளர்களையும் கிளப் தன் வாசலுக்குள் விட மறுத்தது. 2015இல் புதிய பயிற்சியாளராக ஸ்டீவ் மெக்லாரனை அறிவித்தபோது, கிளப் தன் விருப்பத்துக்குரியவையாகத் தேர்ந்தெடுத்த ஊடகங்களுக்கு மட்டுமே அவரைப் பேட்டி காண இடம் கிடைத்தது. இடித்துரைப்பவர் இல்லாத மன்னன், கெடுப்பதற்குப் பகைவர் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்பது வள்ளுவரின் எச்சரிக்கை. ஆஷ்லியின் காலத்தில் கிளப் 2009, 2016 என இருமுறை கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அவர் கிளப்புக்கு வட்டியில்லாமல் 10 கோடி பவுண்டுக்கு மேல் கடன் கொடுத்திருந்தார் என்பதும் உண்மையே. கொடுத்த பணத்தால் வாங்க முடியாமல் போனது நம்பிக்கை.

பத்திரிகைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலால் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். நான்கு நாட்களுக்குப் பின், இறந்தவர்களின் பணத்தை ரசிகர்களே திருடினார்கள் என்பது உள்ளிட்ட பொய்களை 'தி சன்' என்ற தேசியப் பத்திரிகை உண்மை என்ற தலைப்பிட்டு முதல் பக்கத்தில் வெளியிட்டது. அவை பொய் என்பதை 2012இல் தனிக்குழுவின் அறிக்கை நிறுவியது. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று 2016இல் விசாரணை நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். லிவர்பூலில் அந்தப் பத்திரிகையை வாங்காதிருப்பது இன்றும் ஊர்க் கட்டுப்பாடு போல நிற்கிறது. 2017இல் லிவர்பூல் கிளப்பும் அதன் செய்தியாளர்களைத் தன் வளாகத்துக்குள் அனுமதிக்க மறுத்தது.

நியூகாசில் தடையும் லிவர்பூல் தடையும் வெளிப்பார்வைக்கு ஒன்றே. முன்னது உண்மையைச் சொன்னதற்காக அதிகாரத்தில் இருப்பவர் விதித்தது. பின்னது பொய்யால் புண்பட்ட மக்கள் கால் நூற்றாண்டுக்கும் மேல் தாங்களே கடைப்பிடித்ததைக் கிளப் ஏற்றுக்கொண்டது. கதவை அடைத்தவர் யார், எதற்காக என்று பார்க்காமல் இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கொடுக்கும் கை

தீய உரிமையாளரின் கீழ் விசுவாசத்தின் பாதை கடினமானாலும் தெளிவானது. அள்ளிக் கொடுக்கும் உரிமையாளர் வரும்போதுதான் பெரும் சோதனை. 2021 அக்டோபர் 7 அன்று சுமார் 30 கோடி பவுண்டுக்கு நியூகாசில் யுனைடெட் கைமாறியது. 80 சதவீதப் பங்கை வாங்கியது சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம். அதன் தலைவர் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான். கிளப்பைச் சவூதி அரசு கட்டுப்படுத்தாது என்று சட்டப்படியான உறுதி கிடைத்துள்ளதாகப் பிரீமியர் லீக் அறிவித்தது. பத்திரிகையாளர் ஜமால் கசோகி 2018இல் இஸ்தான்புல்லிலுள்ள சவூதி துணைத் தூதரகத்தில் கொல்லப்பட்டதை நினைவூட்டி மனித உரிமை அமைப்புகள் எதிர்த்தன. அந்த நடவடிக்கைக்கு இளவரசர் ஒப்புதல் அளித்தார் என்று அமெரிக்க உளவுத்துறை மதிப்பிட்டிருந்தது. சவூதி அதை மறுத்தது. கிளப் கைமாறிய அன்று மாலை செயின்ட் ஜேம்ஸ் பார்க்கின் வெளியே ஆயிரக்கணக்கானவர்கள் கொண்டாடினார்கள்.

அந்தக் கொண்டாட்டத்தைக் குற்றமாக்குவது எளிது, நியாயமன்று. பதினான்கு ஆண்டுகள் அவர்கள் பட்டதற்கு அது முடிவு. வாங்குபவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை, அனுமதித்தவர்கள் வேறு. அந்த அரசோடு ஆயுத வியாபாரம் செய்யும் நாட்டின் அரசாங்கத்திடம் கேட்காத கணக்கை, சனிக்கிழமை ஆட்டம் பார்க்கப் போகும் வெல்டரிடம் கேட்பதில் அறம் குறைவு. 2025 மார்ச்சில் லிவர்பூலை 2-1 என வென்று லீக் கோப்பையை நியூகாசில் எடுத்தபோது, 1955க்குப் பிறகு உள்நாட்டுப் பெரும் கோப்பை ஒன்று அந்த ஊருக்கு வந்தது. அந்த மகிழ்ச்சி களங்கமற்றது.

ஆனால் மகிழ்வது வேறு, வழக்காடுவது வேறு. ராய்ஸின் வரையறை இங்கே எதிர்த்திசையில் வேலை செய்கிறது. கிளப் மேலுள்ள விசுவாசம் தீய உரிமையாளரை எதிர்க்கும் சுதந்திரத்தைத் தந்தது என்றால், கொடையாளியான உரிமையாளருக்காகப் பரிந்து பேச வேண்டிய கடமையிலிருந்தும் அதுவே விடுவிக்கிறது. கோல் அடித்ததற்குக் கைதட்டும் ரசிகர் ஓர் அரசின் செயல்களுக்கு வக்கீலாக வேண்டியதில்லை. கேள்வி கேட்கும் செய்தியாளரை ஊரின் எதிரியாக நடத்தும் கணத்தில், அவர் தம் விசுவாசத்தைக் கிளப்பிடமிருந்து எடுத்து உரிமையாளரிடம் கொடுத்துவிடுகிறார். விளையாட்டின் புகழால் ஓர் அரசு தன் பெயரைக் கழுவிக்கொள்ள நினைத்தால், அதற்கு வேண்டிய தண்ணீர் இந்தப் பரிவுதான். நியூகாசிலிலேயே அதைத் தர மறுத்து அமைப்பாகத் திரண்ட ரசிகர்களும் உண்டு. எண்ணிக்கையில் சிறியவர்களானாலும் விசுவாசத்தில் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர்.

பத்திரிகைக்கும் இதே சோதனை வருகிறது. வெறுக்கப்படும் உரிமையாளரை விமர்சிப்பதற்கு ஊரின் ஆதரவு இருந்தது. விரும்பப்படும் உரிமையாளரை விமர்சித்தால் வாசகரே முகம் சுளிப்பார். 2022 மார்ச் 12 அன்று சவூதி அரேபியாவில் ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மறுநாள் செல்சீயுடன் ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் எடி ஹோவிடம் செய்தியாளர்கள் அதைக் கேட்டார்கள். கால்பந்தைப் பற்றி மட்டுமே பேசுவேன் என்று அவர் ஒதுங்கினார். பதில் வராத அக்கேள்விக்கும் பயன் உண்டு. அது கேட்கப்படும் வரையில், பணமும் மௌனமும் ஒரே ஒப்பந்தத்தில் விற்கப்படவில்லை என்று பொருள்.

தர்மகர்த்தா

இரு உரிமைகளையும் இணைக்கும் கருத்து தர்மகர்த்தா முறை. சொத்தைத் தனியார் நிர்வகிக்கலாம், ஆனால் பயன்பாட்டில் அதைப் பொதுவானதாகக் கருத வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். செல்வர் தம் செல்வத்துக்குத் தர்மகர்த்தாக்கள் என்று காந்தி சொன்னார். கால்பந்துச் சங்கத்தின் பழைய ஈவுத்தொகை விதியும் இதே சிந்தனையின் கிளை. இதன்படி உரிமையாளர் நிர்வகிக்கலாம், செலவிடலாம், பயிற்சியாளரை மாற்றலாம். பெயரையும் நிறத்தையும் மைதானத்தையும் அழிக்க முடியாது, மக்களிடம் பொய் சொல்ல முடியாது.

செல்வரின் மனசாட்சியை மட்டும் நம்புவது இக்கருத்தின் பலவீனம் என்று காந்தியின் காலத்திலேயே சொல்லப்பட்டது. அதனால் சட்டம் வேண்டியிருக்கிறது. ஜெர்மனியில் 1998 முதல், சில விதிவிலக்குகளுடன், வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களின் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்ற 50+1 விதி நடப்பில் உள்ளது. இங்கிலாந்தில் 1885இல் பிறந்த பரி கிளப் 2019இல் நிர்வாகச் சீர்கேட்டால் லீகிலிருந்து நீக்கப்பட்டதும், 2021 ஏப்ரலில் ஆறு பெரிய கிளப்புகள் ரசிகர்களைக் கேளாமல் ஐரோப்பிய சூப்பர் லீகில் சேர்ந்து, எதிர்ப்பால் சில நாட்களிலேயே பின்வாங்கியதும் நாட்டை உலுக்கின. அவற்றின் விளைவான கால்பந்து ஆட்சிச் சட்டம் 2025 ஜூலையில் நிறைவேறியது. உரிமையாளர்களைச் சோதிக்கவும், மைதானத்தை விற்பது, சின்னத்தையும் சட்டை நிறத்தையும் மாற்றுவது போன்றவற்றைக் கட்டுப்படுத்தவும், ரசிகர்களைக் கலந்தாலோசிக்கக் கிளப்புகளைக் கட்டாயப்படுத்தவும் ஒரு சுதந்திர ஒழுங்காற்று அமைப்பை அது ஏற்படுத்தியது.

தர்மகர்த்தாவின் எல்லையைச் சட்டம் வரையலாம். அந்த எல்லை மீறப்படுகிறதா என்று கண்காணிக்கப் பத்திரிகை வேண்டும்; கண்டதைக் கேட்கும் மனம் ரசிகருக்கு வேண்டும். தோற்கும் காலத்தில் உண்மையைக் கேட்பவர் பலர். வெற்றி வரும் காலத்திலும் அதைக் கேட்கும் ரசிகரே கிளப்புக்கு விசுவாசமானவர்; அந்த விசுவாசத்தால்தான் 'எங்கள் கிளப்' என்று அவர் சொல்லும் உரிமை நிலைபெறுகிறது.